நிலவில் மின்சாரம்: சோலாரா, அணு உலையா?

நிலவில் பகல் மின்சாரம் பெரிய காரியமே இல்லை. மேகம் கிடையாது, காற்று கிடையாது. சதுர மீட்டருக்கு 1,361 வாட் வெயில் சிந்தாமல் விழுகிறது. 30 சதவீதத் திறனுள்ள பேனல் அதில் 400 வாட்டைப் பிடித்துவிடும். செலவை ஏற்றுவது இரவுதான். நடுக்கோட்டுப் பகுதியில் ஓர் இரவு என்பது சுமார் 354 மணி நேரம்.

அந்த இரவு முழுக்க 1 கிலோவாட் எடுக்க வேண்டுமென்றால் 354 யூனிட் சேமிப்பு வேண்டும். கிலோவுக்கு 200 வாட்-மணி தரும் லித்தியம் பேட்டரியை 80 சதவீதம் வரை காலி செய்யலாம் என்று வைத்தால், எடை 2.2 டன். இதில் பேட்டரியைச் சூடாக வைக்கும் செலவு சேரவில்லை. 2023இல் 738 வாட் பேனலோடு இறங்கிய சந்திரயான்-3இன் விக்ரம் கலம் ஒரு நிலவுப் பகல் வேலையை முடித்துத் தூங்கியது, மறுபடி எழவில்லை. ஒரு பகலுக்கென்றே கட்டிய கலம் அது, குறை சொல்ல முடியாது.

தென் துருவம் கணக்கை மாற்றுகிறது. ஷேக்கிள்டன் பள்ளத்தின் விளிம்பு போன்ற மேடுகளில் வருடத்தின் பெரும்பகுதி வெயில் உண்டு, இருட்டு சில நாட்கள்தான். நான்கு நாள் இருட்டு என்று கொண்டால் கிலோவாட்டுக்கு 600 கிலோ பேட்டரி போதும். ஆனால் சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றுவதால் படுக்கைவாட்டில் விரித்த பேனல் உதவாது. 10 மீட்டர் கம்பத்தில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மணிக்கு அரை டிகிரி வீதம் திருப்ப வேண்டும். பக்கத்துக் கம்பத்தின் நிழல் நீளமாக வந்து விழும், அதனால் நெருக்கமாக நடவும் முடியாது. சாய்ந்தால் கதை முடிந்தது. 2025 மார்ச்சில் துருவத்துக்கு அருகே பக்கவாட்டில் விழுந்த அத்தீனா என்ற அமெரிக்கத் தனியார் கலத்துக்கு பேட்டரி ஏறவில்லை, மறுநாளே பணி முடிந்தது.

புளுட்டோனியம்-238 வைத்த கதிரியக்க ஜெனரேட்டர் சின்ன வேலைக்கு மட்டும். அப்பல்லோ 12 வைத்துவிட்டு வந்தது 1,480 வாட் வெப்பத்திலிருந்து 70 வாட் சொச்சம் மின்சாரம் கொடுத்தது. கருவிகளுக்குத் தாராளம், குடியிருப்புக்குக் காணாது.

அணு உலைக்கு நாசா 2022இல் வைத்த இலக்கு 40 கிலோவாட், 10 ஆண்டு, 6 டன்னுக்குள். அதே 40 கிலோவாட்டை இருட்டிலும் குறைக்காமல் எடுக்க, துருவத்தில்கூட பேட்டரி மட்டும் 24 டன் ஆகும். இருட்டு நாட்களில் பத்தில் ஒரு பங்கு சுமையோடு ஒடுங்கியிருக்கச் சம்மதித்தால் 2.4 டன்னில் முடியும். ஆக, துருவத்து ஆய்வு நிலையத்துக்கு சோலாரே போதும். நிலவு மண்ணைச் சூடாக்கி ஆக்சிஜன் பிரிக்கும், இரவிலும் சூளை அணையக் கூடாத ஆலைக்கு அணு உலை.

உலையின் தொல்லை வெப்பத்தில் இருக்கிறது. 25 சதவீதத் திறன் என்றால் 40 கிலோவாட் மின்சாரத்துக்கு 120 கிலோவாட் கழிவு வெப்பம். காற்றில்லாத இடத்தில் அத்தனையையும் ரேடியேட்டர் வழியே கதிர்வீச்சாகத்தான் வெளியேற்ற முடியும். கதிரியக்கத்துக்கு அஞ்சி உலையைத் தள்ளி வைத்தால் கேபிள் நீளும், மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டிவரும்.

தூசி இரண்டுக்கும் பொது எதிரி. அப்பல்லோ 12 இறங்கியபோது கிளம்பிய தூசி, சுமார் 160 மீட்டர் தள்ளி ஏற்கெனவே நின்ற சர்வேயர் 3 என்ற ஆளில்லாக் கலத்தை மணல் வீசித் தேய்த்தாற்போலச் சுரண்டியிருந்தது. எதை நட்டாலும், இறங்குதளத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு மண்மேடு போட்டுவிடுவது நல்லது.