பென்குயின் பொம்மை: பையா, குழாயா, ஒற்றை உருவமா?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் மதியம் இரண்டு மணிக்கு வீட்டுத் தகரக்கூரை கொதிக்கும். அந்த வெக்கையிலும் எங்கள் கண்ணாடி அலமாரியில் பத்தொன்பது பென்குயின்கள் நிற்கின்றன. புதிதாகச் சேர்க்க நினைப்பவர்கள் எதை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். நான் வாங்கிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் பென்குயின் பொம்மைப் பை, பிள்ளைகள் வாசலில் போட்டு விளையாட நல்லது. சேகரிப்புக்கு வேண்டாம். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கழுத்தில் ஒரு மஞ்சள் தீற்றல், அவ்வளவுதான். என்ன இனம் என்று சொல்லவே முடியாது.

அடுத்தது சஃபாரி நிறுவனத்தின் குழாய் டப்பா. சின்னச் சின்ன உருவங்கள், ஒரே டப்பாவில் பல இனங்கள். இனம் பிரித்துப் பழகுவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. குறை, அளவில்தான். பேரரசப் பென்குயின் நிஜத்தில் 120 செ.மீ. வரை வளரும், ராக்ஹாப்பர் என்ற இனம் அதில் பாதிகூட வராது. டப்பாவிலிருந்து எடுத்து நிறுத்தினால் எல்லாம் ஒரே வயதுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

ஆசையாகச் சேர்க்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது தனித்தனியாக விற்கும் ஒற்றை உருவங்களில்தான். ஜெர்மனியின் ஷ்லைக், பிரான்சின் பாப்போ, அப்புறம் கலெக்டா ஆகிய நிறுவனங்கள் செய்பவை. ஷ்லைக் கெட்டியானது, கை தவறி விழுந்தாலும் கவலையில்லை. இறகு வரிகளைச் செதுக்குவதில் பாப்போவை எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் முதலில் பார்ப்பது காதோர மஞ்சளைத்தான். பேரரசப் பென்குயினுக்கு அந்த மஞ்சள் கீழே இறங்க இறங்க வெளுத்து, மார்பு வெள்ளையில் கரைந்துவிடும். அரசப் பென்குயினுக்கு அடர்ந்த ஆரஞ்சு நிறம், ஓரம் வெட்டினாற்போல் தெளிவாக இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிய பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன். குஞ்சும் அப்படித்தான்: பேரரசக் குஞ்சு சாம்பல் நிறம், வெள்ளை முகம், அரசக் குஞ்சு முழுக்கப் பழுப்பு.

இந்த உருவங்களுக்குக் கையால் வண்ணம் பூசுகிறார்கள். ஒரே அச்சில் வந்த இரண்டு பொம்மைக்குக்கூட முகம் வேறாக இருக்கும். ஒருமுறை இணையத்தில் படம் பார்த்து வாங்கினேன். வந்த பொம்மைக்குக் கண்ணின் கறுப்பு அலகு வரை வழிந்திருந்தது. அதிலிருந்து ஈப்போவுக்குப் போகும்போது கடையிலேயே நாலைந்தை வரிசையாக நிறுத்தி, முகம் பார்த்து எடுக்கிறேன். பஸ் காசு போனாலும் பரவாயில்லை.

மூன்றில் என் ஓட்டு கலெக்டாவுக்கு. பனிக்கண்டத்துப் பென்குயினோடு நிற்காமல் ஆப்பிரிக்கப் பென்குயினையும் செய்திருக்கிறார்கள். லங்காவியின் ‘கடலடி உலகம்’ மீன் காட்சியகத்தில் நம் ஊர்க்காரர்கள் நேரில் பார்த்த பென்குயின் அது. மார்பில் ஒரே ஒரு கறுப்புப் பட்டை. இரண்டு இருந்தால் அது மெகல்லன் பென்குயின். 2024இல் ஆப்பிரிக்கப் பென்குயினை மிக அருகிவிட்ட இனமாக அறிவித்துவிட்டார்கள். அந்தச் செய்தி படித்ததிலிருந்து அந்தப் பொம்மையைத் துடைக்கும்போது கை தானாகவே மெதுவாகிறது.

ஒற்றை உருவத்துக்கு நம் ஊரில் ஒரு தொல்லை உண்டு. பாரம் முழுக்க இரண்டு குட்டைக் கால்களில். வெயில் படும் இடத்தில் வைத்தால் பிளாஸ்டிக் இளகி, மெல்ல முன்னால் சாயும். என் அரசப் பென்குயின் தீபாவளிக்குள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. சுடுநீரில் கணுக்கால் வரை ஒரு நிமிடம் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, உடனே ஐஸ் தண்ணீரில் வைத்தேன். நிமிர்ந்துவிட்டது. இப்போது ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், கீழ்த்தட்டில் இருக்கிறது.

கையில் ஐம்பது வெள்ளிக்குள்தான் இருக்கிறதென்றால், குழாய் டப்பாவை விட்டுவிட்டு, முகம் சரியாக இருக்கும் ஆப்பிரிக்கப் பென்குயின் ஒன்றை எடுங்கள். பட்டையை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.