காரைக்குடித் தொட்டிக்கு எது: பைன்கோன் மீனா, ஃப்ளாஷ்லைட் மீனா?

இரண்டுமே உடலில் ஒளி விடும் கடல் மீன்கள். ஒளி வேடிக்கைக்கு ஃப்ளாஷ்லைட் மீன்தான். கண்ணுக்குக் கீழே விளக்கு, மூடித் திறக்கும், பைன்கோன்போல் செதில் கவசம் கிடையாது. பட்டினி கிடந்தால் ஒளி மங்கும்: விளக்குக்குள் இருந்து ஒளி தரும் பாக்டீரியாவுக்கும் மீன்தானே சோறு போடுகிறது!

எங்கள் ஓட்டு பைன்கோனுக்கு. மஞ்சள் செதில் ஒவ்வொன்றும் கறுப்பு விளிம்போடு ஓடு பதித்ததுபோல் இறுகியிருக்கும், 17 செ.மீ. வரை வளரும். கீழ்த்தாடை நுனியருகே இரண்டு ஒளிப்பைகள், வெளிச்சம் மங்கல்தான். வலை போட்டால் முள் சிக்கிக் காயமாகும், டப்பாவால் முகந்தெடுங்கள்.

இரண்டுக்கும் ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல்தொட்டி உப்பு. சமையல் உப்பு ஆகாது. இரை, விளக்கணைத்த பிறகு. பைன்கோனுக்கு 21–24 டிகிரி போதும். சித்திரை வெயிலில் வளவு வீட்டின் தடித்த சுவரை நம்ப முடியாது, நீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் காற்று மோட்டாரை முதலில் ஓடவிடுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு.