எந்த லூஸ், எந்த ப்ரைஸ்?

தேர்வு முடிவு வரும் சமயத்தில் வாட்ஸாப்பில் "டோன்ட் லூஸ் ஹோப்" என்று ஆறுதல் படங்கள் சுற்றும். அந்த லூஸில் எத்தனை ஓ என்று எண்ணிப் பாருங்கள். பல படங்களில் இரண்டு இருக்கும். இருக்க வேண்டியது ஒன்று. ஓர் ஓ என்றால் இழப்பது. இரண்டு ஓ என்றால் தொளதொளவென்று இருப்பது. நாம் ஆளைத் திட்டும் லூசு இந்த இரண்டாவதுதான், மரை கழன்றவன் என்ற அர்த்தத்தில்.

இதைத் தமிழில் எழுதும்போதே சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடுகிறது. நம் எழுத்தில் இரண்டும் லூஸ்தான். ஆங்கிலத்தில் இழக்கிற லூஸ் வண்டு ரீங்கரிப்பது போன்ற இசட் ஒலியில் முடியும். தொளதொள லூஸ் பாம்பு சீறுவது போன்ற எஸ் ஒலியில் முடியும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். முதலாவதுக்கு அதிரும், இரண்டாவதுக்கு அதிராது. அந்த இசட் தமிழில் இல்லாததால் நம் காது அதைத் தனியாகப் பிடிப்பதில்லை. காது விட்டதைக் கையும் விட்டுவிடுகிறது.

ப்ரைஸும் இதே கதைதான். சி போட்டால் விலை, இசட் போட்டால் பரிசு. பேச்சுப் போட்டியில் ஃபர்ஸ்ட் ப்ரைஸ் என்று சி போட்டு எழுதினால் முதல் விலைக்குப் போனதாக ஆகிவிடும். ஆனால் இதில் நம்மை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. இரண்டும் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த ஒரே சொல். ஆங்கிலத்துக்குள் வந்த பிறகுதான் தனித்தனியாகப் பிரிந்தன.

அட்வைஸ் என்பதில் சி வந்தால் அறிவுரை, எஸ் வந்தால் அறிவுரை சொல்வது. வண்டு ஒலி எஸ் போட்டதில் இருக்கிறது. அப்புறம், நாம் அறிவுரைகள் என்று தாராளமாகப் பன்மை போடுகிறோம். ஆங்கிலத்தில் அட்வைசஸ் என்று சொல்லக் கூடாது. ப்ராக்டிஸ், லைசென்ஸ் இரண்டிலும் இதே சி, எஸ் கணக்கு உண்டு. ஆனால் உச்சரிப்பு மாறாது, இந்தக் கணக்கும் பிரிட்டிஷ் எழுத்துமுறையில் மட்டும்தான். அமெரிக்கர்கள் ப்ராக்டிஸுக்கு எப்போதும் சி, லைசென்ஸுக்கு எப்போதும் எஸ் என்று முடித்துக்கொண்டார்கள். நம் ஊர் டிரைவிங் லைசென்ஸ் அட்டையில் இருப்பது பிரிட்டிஷ் சி.

அஃபெக்ட், எஃபெக்ட் ஜோடிக்குக் காதைப் பழி சொல்ல முடியாது. ஆங்கிலேயர்களே தடுமாறும் இடம் இது. முதலாவது பாதிப்பது, இரண்டாவது விளைவு. மழை பயிரை அஃபெக்ட் பண்ணியது, அதன் எஃபெக்ட் தக்காளி விலை ஏறியது. நான் அரிச்சுவடியை வைத்து நினைவில் கொள்கிறேன்: அ முதலில், எ பிறகு. பாதிப்பு முதலில் வரும், விளைவு பிறகு வரும். எஃபெக்ட் வினையாகவும் வரும், அப்போது ஒன்றை நடத்தி முடிப்பது என்று பொருள். அன்றாடக் கடிதத்தில் அது அவ்வளவாகத் தேவைப்படாது.

லெஸ், ஃப்யூவர் சண்டைக்கு நான் அவ்வளவு நேரம் தரமாட்டேன். இரண்டும் குறைவு என்பதுதான்; எண்ண முடிந்ததற்கு ஃப்யூவர், முடியாததற்கு லெஸ் என்பார்கள். 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தன் ரசனை என்று எழுதி வைத்தது, பிறகு விதியாகிவிட்டது. தேர்வுத்தாளில் கடைப்பிடியுங்கள், பேச்சில் யார் லெஸ் சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

விடக் கூடாதது பாரோ, லெண்ட். "கேன் யூ பாரோ மீ எ பென்?" என்று கேட்கிறவருக்குப் பேனா கிடைத்துவிடும், ஆனால் வாக்கியம் தப்பு. இங்கே நம் குழப்பம் ஒலியில் இல்லை. தமிழில் கடன், இரவல் என்ற சொல் அப்படியே இருக்கும், வாங்கு, கொடு என்று பின்னால் வருவதுதான் திசையைக் காட்டும். ஆங்கிலத்தில் திசை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பாரோ என்றால் இரவல் வாங்கு, லெண்ட் என்றால் இரவல் கொடு. கடன் என்று மொட்டையாக நினைக்காமல் வினையோடு சேர்த்து நினைத்தால் தப்பு வராது. சே, டெல் இரண்டும் நமக்குச் சொல் என்ற ஒன்றுதான். டெல்லுக்குப் பின்னால் யாரிடம் சொன்னோம் என்று ஆள் வரவேண்டும், சேக்கு வேண்டாம். அவ்வளவுதான்.

இத்தனை கறார் பார்க்கும் ஆங்கிலம் வாடகை என்று வந்தால் சறுக்கிவிடுகிறது. ரென்ட் என்பது வாடகைக்கு எடுப்பதற்கும் பொருந்தும், விடுவதற்கும் பொருந்தும். நமக்கு எடு, விடு என்று அது தெளிவாக இருக்கிறது. விடுவதற்கு மட்டும் பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருக்கும் சொல் லெட். நம் தெருக்களில் கேட்டுக்கு கேட் தொங்கும் டூலெட் போர்டு அதிலிருந்து வந்தது. அதன் நடுவில் சாக்பீஸால் ஓர் ஐ சேர்த்து டாய்லெட் ஆக்கிவிட்டு ஓடும் பையனுக்கு மட்டும் இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது.