பிங்க் ஃபிளாய்டா, கிங் கிரிம்சனா: எது அசல் புரோக்ரசிவ்?

புரோக்ரசிவ் ராக், அதாவது வழக்கமான பாட்டு வடிவத்தைத் தாண்டி முன்னேறப் பார்க்கும் ராக் இசை, கேட்கத் தொடங்குபவர்கள் பலரும் தடுமாறுவது இந்த இரண்டு இசைக்குழுக்களுக்கு நடுவில்தான்.

தாளம்
ஃபிளாய்டு: ‘மணி’ (1973) ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிஸ்ர சாபு பழகிய காதுக்கு அது அதிர்ச்சியே இல்லை. கிட்டார் தனி வாசிப்பு வந்ததும் நான்குக்கு இறங்கிவிடுகிறது.
கிரிம்சன்: ‘ஃப்ரேம் பை ஃப்ரேம்’ (1981) பாட்டில் ஒரு கிட்டார் ஏழேழாகப் பதினான்கு எண்ணுகிறது, இன்னொன்று பதின்மூன்றிலேயே சுற்றை முடித்துவிடுகிறது. சேர்ந்து கிளம்பியவை சுற்றுக்கு ஓர் எண்ணிக்கை வீதம் விலகிப்போகின்றன. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். நான் மூன்று முறை தோற்றேன்.

நீளம்
ஃபிளாய்டின் ‘எக்கோஸ்’, கிரிம்சனின் ‘லிசார்ட்’ இரண்டுமே ஏறக்குறைய 23 நிமிடம். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மாற்றம்
ஃபிளாய்டு: எழுபதுகளில் ஒரே பாணியை மெருகேற்றிக்கொண்டே போனது.
கிரிம்சன்: 1974இல் கலைந்தது. 1981இல் திரும்பியபோது, அதன் அடையாளமாக இருந்த மெலோட்ரான் (நாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) ஒலியையே காணோம்.

விளக்கணைத்துவிட்டு மூழ்க வேண்டுமா, ஃபிளாய்டு. அடுத்து என்ன வருமென்று தெரியாமல் உட்கார வேண்டுமா, கிரிம்சன். புரோக்ரசிவ் என்ற பட்டத்துக்கு என் ஓட்டு கிரிம்சனுக்கே, வீட்டில் அதிகம் தேய்ந்தது ஃபிளாய்டு இசைத்தட்டுதான் என்றாலும்.