கணுக்கால் சுளுக்குக்குப் பின்: ரப்பர் பட்டையா, ஒற்றைக் காலில் நிற்பதா?

கணுக்கால் பிரண்டு, வீக்கம் வற்றி, வலியும் அடங்கிய அந்த நாளில்தான் பெரும்பாலானோர் பயிற்சியை நிறுத்துகிறார்கள். ஆனால் ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடியும் சுளுக்கிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதைத் தடுக்கும் வேலை வலி நின்ற பிறகே தொடங்குகிறது. அந்த வேலைக்குப் பரவலாகச் சொல்லித்தரப்படும் வழிகள் இரண்டு. ரப்பர் பட்டையை இழுத்துத் தசையை வலுப்படுத்துவது ஒன்று; ஒற்றைக் காலில் நின்று சமநிலையைப் பழக்குவது மற்றொன்று. நேரமும் பொறுமையும் அளவாகவே இருப்பவர் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பதே இங்கு நான் எடைபோட்டுப் பார்க்க விரும்புவது.

இங்கு சொல்பவை யாவும் பாதம் உட்புறமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார்கள் இழுபட்டோ கிழிந்தோ போகும் வழக்கமான சுளுக்குக்கு உரியவை. எலும்பு முறிவு இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்த விதிகள் இதற்கு இன்றும் கைகொடுக்கின்றன. அடிபட்ட உடனேயும் மருத்துவரிடம் சென்றபோதும் 4 அடி எடுத்துவைக்க முடியாமல் இருந்தாலோ, கணுக்காலின் இருபுற எலும்பு முண்டுகளில் ஏதாவது ஒன்றின் நுனியிலோ பின்விளிம்பிலோ விரலால் அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். நடுப்பாதத்தின் வெளி, உள் ஓரங்களில் உள்ள எலும்புகளை அழுத்தும்போது வலித்தாலும் அதே முடிவுதான்.

முதல் சில நாட்களில் எழும் போட்டி வேறு: அசையாமல் வைத்திருப்பதா, சீக்கிரமே அசைப்பதா? லேசான, நடுத்தரமான சுளுக்குகளில் அசைப்பதே மேல். 101 பேரை வைத்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் வாரத்திலேயே பயிற்சியைத் தொடங்கியவர்களின் கால், முதல் இரண்டு வாரங்களில் மற்றவர்களின் காலைவிட நன்றாக இயங்கியது. கடுமையான சுளுக்கில் நிலைமை மாறுகிறது. கால் ஊன்றவே முடியாத 584 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், முழங்காலுக்குக் கீழே 10 நாள் மாவுக்கட்டு போட்டவர்கள், வெறும் குழாய்வடிவ அழுத்தத் துணியோடு விடப்பட்டவர்களைவிட விரைவாகத் தேறினார்கள். 9 மாதங்கள் கழிந்தபின் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே ஓய்வு என்பதை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது, வாரக்கணக்கில் நீட்டிக்கவும் கூடாது.

ஊன்றி நடக்கத் தொடங்கியபின் பாதத்தை மேல்நோக்கி மடக்கும் வீச்சைத் திரும்பப் பெறுவதில் விவாதத்துக்கு இடமில்லை. சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பார்த்து, பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் வைக்க முடிகிறது என்று இரு கால்களையும் அளந்தால், அடிபட்ட கால் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பது உடனே தெரியும். படியிறங்கும்போது இடுப்பைத் திருப்பிக்கொண்டு இறங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் குறை இருக்கிறது.

இனி முதன்மையான போட்டிக்கு வருவோம். ரப்பர் பட்டைப் பயிற்சியின் கவர்ச்சி எளிதில் புரியக்கூடியது. உட்கார்ந்தபடியே செய்யலாம், விழும் பயமில்லை, மெல்லிய பட்டையிலிருந்து தடித்த பட்டைக்கு மாறும்போது முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. பட்டையைப் பாதத்தின் வெளியோரத்தில் மாட்டி வெளிப்புறமாக இழுக்கும்போது, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஓடும் தசைகள் வேலை செய்கின்றன. பாதம் உட்புறமாக மடங்காமல் இழுத்துப் பிடிப்பவை அவையே. பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். பாதத்தைத் திருப்புவதாக நினைத்துக்கொண்டு தொடையையே வெளிப்புறமாகத் திருப்பிவிடுகிறார்கள். முழங்கால் மூட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு செய்தால் மூட்டு நகர்வது உடனே கைக்குத் தெரியும்; மூட்டு அசையாமல் பாதம் மட்டும் திரும்பினால்தான் அந்தத் தசைக்கு வேலை. இழுத்த பட்டையைச் சட்டென்று விட்டுவிடாமல் மெதுவாகத் திரும்பவிடுவதிலும் பாதிப் பலன் இருக்கிறது.

இவ்வளவு சொல்லியும் பட்டைக்கு நான் முதலிடம் தராததற்குக் காரணம், கால் மடங்கும் விதம். உட்கார்ந்து பட்டையை இழுக்கும்போது பாதம் அந்தரத்தில் இருக்கிறது, அசைவு மெதுவாக நிகழ்கிறது, எந்தத் திசையில் விசை வரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. கால் பிரளும் தருணத்திலோ உடல் எடை முழுவதும் அந்தக் காலின்மேல் இருக்கிறது, எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது, எந்தப் பக்கம் சாயும் என்பதும் தெரியாது. மடங்கத் தொடங்கியபின் தசை விழித்துக்கொண்டு இழுப்பதற்கு நேரம் போதாது. ஆகவே பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே தசைகள் தயாராக இருக்க வேண்டும். தசைநார் கிழியும்போது மூட்டின் நிலையை மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகளும் சேதமடைகின்றன என்றும், சுளுக்கிய கால் அடிக்கடி ஏமாற்றுவதற்கு அதுவே காரணம் என்றும் 1965-இல் ஃப்ரீமன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் முன்வைத்தார். அவர் விளக்கத்தின் விவரங்கள் பின்னர் பலவாறு திருத்தப்பட்டுவிட்டாலும், சமநிலைப் பயிற்சி சுளுக்குச் சிகிச்சைக்குள் வந்ததில் அந்த எண்ணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒற்றைக் காலில் நிற்பது எளிமையாகத் தோன்றும். காலணியைக் கழற்றிவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் சுவரை வைத்துக்கொண்டு, அடிபட்ட காலில் 30 விநாடி நின்று பாருங்கள். வெளிப்பக்க முண்டுக்குப் பின்னால் உள்ள தசைநாண்கள் ஒவ்வொரு நொடியும் துடித்து எழுவதும், கட்டைவிரல் தரையைப் பற்ற முயல்வதும், பாதத்தின் எடை உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் மாறி மாறிப் போவதும் நன்றாகவே தெரியும். ஒவ்வொரு துடிப்பும் மூட்டிலிருந்து சென்ற செய்திக்குத் தசை தந்த விடை. பிறகு அதே இடத்தில் கண்களை மூடிப் பாருங்கள். அதுவரை கண் தாங்கிக்கொண்டிருந்த குறை முழுவதும் வெளிப்பட்டு, அடிபட்ட கால் தடுமாறி, தூக்கிய மறுகால் சில விநாடிகளிலேயே தரையில் ஊன்றிவிடும். நல்ல கால் அதைவிட நெடுநேரம் தாங்கும். இந்த வேறுபாட்டை எந்த ரப்பர் பட்டையும் காட்டித் தராது.

இதற்கு, ஏறி நின்றால் ஆடும் சமநிலைப் பலகை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வெறும் தரை, பிறகு தலையைத் திருப்பிக்கொண்டே நிற்பது, பந்தை எறிந்து பிடிப்பது, மறுகாலை முன்னும் பக்கவாட்டிலும் பின்னும் எட்டிய மட்டும் நீட்டித் தொடுவது, அதன்பின் தலையணையின்மேல் நிற்பது என்று படிப்படியாகக் கடினமாக்கிக்கொண்டே போகலாம். பலகை அந்த வரிசையில் இன்னும் ஒரு படி, அவ்வளவே.

சான்றும் சமநிலையின் பக்கம் வலுவாக இருக்கிறது. நெதர்லாந்தில் கணுக்கால் சுளுக்கிய 522 விளையாட்டு வீரர்களில் ஒரு பாதியினர் வழக்கமான சிகிச்சையோடு 8 வாரங்கள் வீட்டிலேயே, யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் சமநிலைப் பயிற்சி செய்தார்கள். ஓராண்டுக்குள் அவர்களில் 22 சதவீதத்தினருக்கு மீண்டும் சுளுக்கியது, பயிற்சி செய்யாதவர்களில் 33 சதவீதத்தினருக்குச் சுளுக்கியது.

பட்டை வெல்லும் இடங்களும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. காலை ஊன்றவே முடியாத முதல் நாட்களில் ஒற்றைக் காலில் நிற்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்போது பட்டைதான் தசையை உயிர்ப்போடு வைத்திருக்கிறது. விழுந்துவிடுவோமோ என்று அஞ்சும் முதியவர்களுக்கும் அதில் தொடங்குவதே நல்லது. ஆனால் மாவுக்கட்டுக்குப் பின் இளைத்துப்போன ஆடுசதைக்குப் பட்டையின் இழுப்பு போதாது. அங்கே நின்றபடி குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவதும், அது எளிதானபின் ஒரே காலில் அதைச் செய்வதும்தான் ஈடுகொடுக்கும். உடல் எடையையே சுமையாக்கும் இந்தப் பயிற்சியை வலிமைக்கும் சமநிலைக்கும் நடுவில் நிற்கும் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் சங்கடமான போட்டியாளர் பிரேஸ், அதாவது கணுக்கால் மடங்காமல் பிடித்துத் தாங்கும் உறை. நெதர்லாந்திலேயே 384 வீரர்களை மூன்று குழுக்களாக்கி நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் மீண்டும் சுளுக்கியவர்கள் பயிற்சி மட்டும் செய்த குழுவில் 27 சதவீதம், விளையாடும்போது பிரேஸ் மட்டும் அணிந்த குழுவில் 15 சதவீதம், இரண்டையும் சில வாரங்கள் சேர்த்துச் செய்த குழுவில் 19 சதவீதம். எண்களின்படி பிரேஸே முந்துகிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் பிரேஸ் காப்பது அணிந்திருக்கும் நேரத்தை மட்டுமே. இரவில் விளக்கில்லாத படியில் இறங்கும் காலை அது காக்காது. ஆகவே விளையாடுகிறவர்கள் சுளுக்கிய ஓராண்டுக்காவது களத்தில் அதை அணிந்துகொண்டு, வீட்டில் சமநிலைப் பயிற்சியைத் தொடர்வதையே நான் பரிந்துரைப்பேன். விளையாடாதவர்களுக்குப் பயிற்சியே போதுமானது.

பிசியோதெரபிஸ்டிடம் போவதா, வீட்டிலேயே செய்வதா என்ற கேள்விக்கு, லேசான அல்லது நடுத்தரச் சுளுக்காக இருந்தால், நல்ல எழுத்துக் குறிப்புகளோடு வீட்டில் செய்பவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறுகிறார்கள் என்று 503 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியான கனடிய ஆய்வு காட்டியது. திரும்பத் திரும்பப் பிரளும் காலுக்கும், ஆறு வாரம் கடந்தும் மூட்டின் உள்ளே ஆழத்தில் வலிக்கும் அல்லது சிக்கிக்கொள்ளும் காலுக்கும் இது பொருந்தாது; அவற்றை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

எவ்வளவு காலம் செய்வது? இரண்டு வாரத்தில் சலித்து விடுவோர்தான் அதிகம். எட்டு வாரங்கள், நாளுக்குச் சில நிமிடங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் முடிவில் கண்களை மூடியபடி நல்ல கால் எத்தனை விநாடி நிற்கிறதோ அத்தனை விநாடி அடிபட்ட காலும் நிற்க வேண்டும். ஒரே காலில் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் தாவி இறங்கும்போது மனத்தில் தயக்கம் எழாமல் இருக்க வேண்டும். இவ்விரண்டும் கைகூடாதவரை பயிற்சியை நிறுத்த வேண்டாம்.