மெலிந்த மொடலைத் தடுப்பதா, ஒடுங்கிய சட்டையைத் தடுப்பதா?

2006 ஓகஸ்ட்டில், மெலிவுக்காகப் பட்டினி கிடந்த உருகுவே மொடல் லூயிசெல் ராமோஸ் மேடையில் நடந்து இறங்கிய கையோடு இறந்துபோனார். அடுத்த மாதமே மட்ரிட் பேஷன் வாரம், உடல் திணிவுச் சுட்டி (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண், BMI) 18க்குக் குறைந்தவர்களை ஏற்றமாட்டோம் என்று அறிவித்தது. நவம்பரில் பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டனும் போய்விட்டார். அதன்பின் பிறந்த விதிகளில் மூன்று பேசத்தக்கவை. நியூயோர்க் 2007இல் தந்தது வெறும் ஆலோசனை, அதை விட்டுவிடலாம். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ தையல் வகுப்பு முடிவில் ஆடை அணிவகுப்பும் மணப்பெண் அலங்கார மேடையும் வைப்பவர்களுக்கு இந்த மூன்றில் எது உதவும்?

எண்ணால் தடுப்பது. இஸ்ரேல் 2013 முதல் 18.5ஐ எல்லையாக வைத்திருக்கிறது. கணக்கு இலகு: கிலோவை மீற்றர் உயரத்தால் இருமுறை வகுக்கவேண்டும். 1.60 மீற்றர் பிள்ளைக்கு 18.5 என்றால் 47.4 கிலோ. ஆனால் 48 கிலோ பிள்ளையைச் செருப்போடு அளந்து உயரம் 2 சென்ரிமீற்றர் கூடிவிட்டால் 18.75 என்பது 18.3 ஆகி, அவள் வெளியே நிற்பாள். மெலிந்தவள் ஒரு லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டுத் தராசில் ஏறினால் ஏறத்தாழ 0.4 கூடி உள்ளே வருவாள். 19 வயதுக்குக் கீழே இந்த எல்லையே பொருந்தாது, வயதுக்கேற்ற அட்டவணை வேண்டும். வன்னியில் இன்னொன்றும் உண்டு. இங்கே மெலிவு பலருக்கு மேடைக்காகப் பட்டினி கிடந்து வந்ததல்ல. 2008, 2009 போரில் கஞ்சிக்கும் வரிசையில் நின்ற குழந்தைகள்தான் இன்று இளம்பெண்கள். அவர்களைத் தராசில் ஏற்றிப் பலர் முன்னால் திருப்பி அனுப்புவது கொடுமை.

வைத்தியர் சான்றிதழ். பிரான்ஸ் 2015இல் சட்டம் இயற்றி, 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒற்றை எண்ணைக் கைவிட்டு, முழு உடல்நிலையைப் பார்க்கும் பொறுப்பை வைத்தியரிடம் கொடுத்தது. மீறும் முகவர் நிறுவனத்துக்கு 6 மாதச் சிறையும் 75,000 யூரோ தண்டமும் வரை போகலாம். இது எண்ணைவிட நியாயமானது. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மாதவிடாய் நின்றிருக்கிறதா, அண்மையில் எடை எவ்வளவு இறங்கியது என்பவைதான் உண்மையைச் சொல்லும். சுட்டி 21 இருந்தும் மூன்று மாதத்தில் 10 கிலோ இறங்கிய பெண், இயல்பாகவே 18இல் இருப்பவளைவிட ஆபத்தில் இருக்கலாம். குறை என்னவென்றால், அந்தச் சான்றிதழ் இரண்டு வருடம் வரை செல்லும். உடல் கெட அவ்வளவு காலம் தேவையில்லை.

சட்டையின் அளவைத் தடுப்பது. 2017இல் எல்விஎம்எச், கெரிங் என்ற பெரிய பிரெஞ்சு ஆடம்பர ஆடை நிறுவனங்கள் இரண்டும் பெண்களுக்கான மிக ஒடுங்கிய பிரெஞ்சு அளவு 32ஐ நிறுத்தின. சான்றிதழும் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும் என்றன. 34 இன்னும் ஒடுக்கம்தான், என்றாலும் நோய் எங்கே தொடங்குகிறது என்று பிடித்த விதி இது ஒன்றுதான். மாதிரிச் சட்டையை முதலில் ஒரே அளவில் வெட்டிவிடுகிறார்கள், பிறகு அதற்குள் நுழையும் உடலைத் தேடுகிறார்கள். எங்கள் தெரிவும் இதுவே, காசில்லாமல் செய்யவும் முடியும்.

சாறிச் சட்டை வெட்டும்போது பக்கத் தையலுக்கு வழமையான 1.5 சென்ரிமீற்றருக்குப் பதில் 3 விடுங்கள். இரண்டு பக்கத்திலும் நான்கு விளிம்பு, ஆகவே 6 சென்ரிமீற்றர் பிரிக்கலாம். முதுகு நடுத்தையலிலும் அப்படி விட்டால் 9. உள்துணிக்கும் அதே அளவு விடாவிட்டால் வெளித்துணியைப் பிரித்தும் பயனில்லை. கைக்குழி வளைவில் மட்டும் 1க்கு மேல் விடவேண்டாம், சுருக்கம் விழும். பட்டில் பிரித்த இடத்தில் ஊசித்துளை தெரியும் என்பதால் முதலில் நூலோட்டி அளவு பார்த்துவிட்டே மெசினில் வையுங்கள்.

அணிவகுப்புக்கு ஆறு கிழமைக்கு முன்னரே ஆட்களைத் தெரிவுசெய்து, அவர்கள் உடம்புக்கு வெட்டுங்கள். 16க்குக் கீழ் யாரும் வேண்டாம். தலைசுற்று, மாதவிடாய் நிற்றல் என்று யாராவது சொன்னால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புங்கள். அவள் மேடை ஏறாவிட்டாலும் பேசிய காசைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவள் வருத்தத்தை மறைப்பாள்.