முரமாசா, ஃபூமா, போ: எதை முதலில் விளையாடுவது?

முரமாசா என்ற வீடியோ கேமைச் சொன்னதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சோபா நூடுல்ஸ். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை வரும். உள்ளே போய்க் காசு கொடுத்தால் திரையை நிறைத்துக்கொண்டு உணவு வந்து நிற்கும். பட்டனை ஒரு தடவை தட்டினால் ஒரு வாய். தட்டத் தட்டக் கிண்ணம் குறைந்துகொண்டே வரும். முழுதும் முடித்தால் உயிர் அளவு ஏறும். வயிறு நிறைந்துவிட்டால் கொஞ்ச நேரம் வேறு எதுவும் சாப்பிட முடியாது. ஒரு மருந்துக் குப்பியை வைத்து இந்த வேலையை ஒரே நொடியில் முடித்திருக்கலாம். ஆனாலும் யாரோ ஒருவர் மெனக்கெட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் வரைந்திருக்கிறார்.

ஜப்பானியப் புராணத்தையும் பேய்க்கதைகளையும் எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடும் ஆக்‌ஷன் கேம்கள் நிறைய இருக்கின்றன. ஓவியமே உயிர் என்று சொல்லத்தக்கவை அவற்றில் கொஞ்சம்தான். மூன்றை எடுத்துக்கொள்கிறேன். வனிலாவேர் என்ற ஜப்பானிய நிறுவனம் உருவாக்கி, 2009-இல் நிண்டெண்டோ வீ கருவியிலும், 2013-இல் பிளேஸ்டேஷன் விட்டா என்ற கையடக்கக் கருவியிலும் வெளிவந்த முரமாசா. கோனாமியும் குருகுரு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி, 2022-இல் முழுமையாக வெளிவந்த கெட்சுஃபூமாடென்: அன்டையிங் மூன். ஸ்க்விட் ஷாக் ஸ்டூடியோஸ் என்ற சிறிய குழு 2024-இல் வெளியிட்ட போ: பாத் ஆஃப் தி டீல் லோட்டஸ். ஓவியத்துக்கும் புராணத்துக்கும் பேர்போன ஓகமியை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். அது முப்பரிமாண உலகில் நாலா பக்கமும் அலையும் கேம். இந்தப் பந்தியில் அதற்கு இலை போட முடியாது.

மூன்றுமே பார்க்க அழகு. அதனால் எது அழகு என்று கேட்பதில் பயனில்லை. வரைந்தவரின் உழைப்பு எந்த இடத்தில் கொட்டியிருக்கிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

முரமாசாவில் அது வழியில் கொட்டியிருக்கிறது. கதை நடப்பது கென்ரோகு காலத்தில், அதாவது 1688-இலிருந்து 1704 வரையான ஆண்டுகளில். நீங்கள் ஜப்பானின் பழைய மாகாணங்களை ஒவ்வொன்றாக ஓடிக் கடக்கிறீர்கள். நெல் வயல், மூங்கில் காடு, பனி மலை, அந்தி வானம். ஒவ்வொன்றிலும் பின்னணி பல அடுக்குகளாக இருக்கும். நீங்கள் ஓடும்போது பக்கத்து நாணல் வேகமாகவும், தூரத்து மலை மெதுவாகவும் நகரும். கடற்கரையில் ஓரிடத்தில் பின்னால் அலைகள் எழும். பார்த்த உடனே ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை ஓவியம் தெரியும். அந்த ஓவியம் 1830-களின் தொடக்கத்தில் வந்தது, கதை நடக்கும் காலத்துக்கு நூறாண்டுக்கும் மேல் பிந்தியது. எனக்கு அது குறையாகப் படவில்லை. ஜப்பானின் பழங்காலம் என்றதும் மனதில் எந்தப் படம் எழுகிறதோ, அதையே இயக்குநர் ஜார்ஜ் காமிதானியின் குழு திரையில் வைத்திருக்கிறது.

உருவங்களை அசைக்கும் முறையையும் சொல்ல வேண்டும். வனிலாவேர் ஒரு உருவத்தைக் கை, கால், தலை, ஆடையின் மடிப்பு என்று துண்டு துண்டாக வரைந்து, அந்தத் துண்டுகளைப் பொம்மலாட்டம் போல அசைக்கும். அதனால்தான் பாஸ்கள், அதாவது ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வரும் பெரிய எதிரிகள், மூச்சு விடுவது போலவே இருக்கின்றன. சும்மா நிற்கும்போதுகூட மார்பு ஏறி இறங்கும், ஆடையின் நுனி ஆடும். 2025-இல் செகாவுக்காக லிசர்ட்கியூப் செய்த ஷினோபி: ஆர்ட் ஆஃப் வெஞ்சன்ஸும் கையால் வரைந்ததுதான். அதில் அசைவு வெடுக்கென்று இருக்கும். முரமாசாவில் வழுக்கிக்கொண்டு போகும். ஷினோபியின் சண்டை அபாரம். ஆனால் அதன் மனம் நிஞ்ஜா சாகசத்தில்தான் இருக்கிறது, புராணத்தில் இல்லை. அதனால் அதை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஃபூமா கேமில் உழைப்பு நரகத்தில் கொட்டியிருக்கிறது. உக்கியோ-எ என்கிற மர அச்சு ஓவியத்தின் தோற்றத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவர முயன்றிருக்கிறார்கள். தடித்த கோடு, பழைய தாளின் நிறம், ரத்தச் சிவப்பு. ஒரு காட்சியை நிறுத்தி வைத்துப் பார்த்தால் சுவரில் மாட்டலாம் போல இருக்கும். சிக்கல் ஓடும்போதுதான். இது ரோக்லைக் வகை. ஒவ்வொரு முறை செத்ததும் ஆரம்பத்திலிருந்து போக வேண்டும், பாதை மாறி மாறி அமையும். அப்படி அமைக்கப்படும் பாதையில் இந்த மரம் இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்திருக்க முடியாது. பத்தாவது முறை போகும்போது கண் பின்னணியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு எதிரியை மட்டும் பார்க்கிறது.

போ வேறு மாதிரி. அதன் ஓவியம் இலகுவானது. கோடு மெல்லியது, வெண்மைக்கு நிறைய இடம். நாயகன் போ ஒரு விண்மலர், நரிச் சாயலில் ஒரு சின்ன உருவம், கையில் ஒரு கோல். வரைந்தவர்களின் கவனம் முழுக்க அந்தச் சின்ன உடம்பு காற்றில் எப்படிப் புரள்கிறது என்பதில் இருக்கிறது. காரணம் விளையாட்டின் அடிப்படை விதி. அந்தரத்தில் எதையாவது கோலால் அடித்தால் மறுபடி ஒரு தாவல் கிடைக்கும். எதிரி, விளக்கு, எது எட்டினாலும் அடி, தாவு, அடி, தாவு. பழகிவிட்டால் தரையில் கால் படாமல் ஒரு திரையைக் கடக்கலாம். முரமாசாவில் நீங்கள் பார்த்து ரசிக்கிற அழகை இங்கே உங்கள் விரல் உண்டாக்குகிறது. இந்த ஒரு விஷயத்தில் மூன்றிலும் போதான் முன்னால் நிற்கிறது.

சரி, புராணத்துக்கு வருவோம். எனக்கு முக்கியமான இடம் இது.

ஜப்பானியப் பேய்களின் பட்டியலை எடுத்து ஆளுக்கொரு பாஸ் சண்டையாக மாற்றுவது எளிது. முரமாசா வரலாற்றையும் நாட்டார் கதையையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னுகிறது. முரமாசா என்பவர் உண்மையில் இருந்த வாள் கொல்லர். இசே மாகாணத்தின் குவானாவைச் சேர்ந்தவர். 1535-இல், பின்னாளில் ஜப்பானை ஆண்ட தொகுகாவா ஆட்சியை நிறுவிய இயெயாசுவின் தாத்தா கியோயாசுவை அவருடைய ஆளே வெட்டிக் கொன்றது முரமாசா வாளால் என்பார்கள். அதிலிருந்து அந்த வாள்கள் தொகுகாவா குலத்துக்கு ஆகாதவை, உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் பார்க்காமல் திரும்பாதவை என்ற கதை வளர்ந்தது. விளையாட்டு அந்தக் கதையை அப்படியே விதியாக்கியிருக்கிறது. மொத்தம் 108 வாள்கள். புத்த மரபில் மனிதனின் ஆசைகள் 108. ஜப்பானியக் கோயில்களில் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் மணியும் 108 முறை அடிக்கும். புது வாளை வடிக்க ஆன்மாக்கள் தேவை. சண்டை போட்டுக்கொண்டே போகிறபோது ஆன்மாக்களைத் திரட்டியபடி போகிறீர்கள். அந்த வாளுக்குத் தீனி போடுகிறோம் என்ற உறுத்தல் மெல்ல மெல்லத்தான் வரும்.

இன்னொரு உதாரணம். கதை நடக்கும் கென்ரோகு காலத்துச் சோகுன், அதாவது ராணுவ ஆட்சியாளர், தொகுகாவா சுனயோஷி உயிர்களுக்கு இரங்கும் சட்டங்கள் போட்டவர். நாய்களைக் காக்க அவர் காட்டிய தீவிரத்தால் மக்கள் அவரை நாய்ச் சோகுன் என்றே அழைத்தார்கள். விளையாட்டில் அவரைப் பிடித்து ஆட்டுவது இனுகாமி, நாய்ப் பேய். வரலாறு தெரிந்தவருக்கு அந்த இடத்தில் ஒரு சிலிர்ப்பு வரும். தெரியாதவருக்கும் சண்டை குறையாது.

மொமோஹிமெ என்ற இளவரசியின் கதையில் ஃபுதோ மியோ என்ற புத்த மதக் காவல் தெய்வத்தையே எதிர்கொள்ள வேண்டி வரும். நம் பக்கத்துச் சொல்லால் சொன்னால் அவர் அசலன், அசையாதவர். வடமொழி அசலாதான் ஜப்பானில் ஃபுதோ ஆனது. நெருப்பு சூழ, கையில் வாளோடு அவர் எழும்போது அது வெளியூர்ச் சாமி மாதிரி எனக்குத் தெரியவில்லை.

போவும் இதில் சளைத்ததல்ல. அதில் நீங்கள் அணிந்துகொள்ளும் தாயத்துகள் ஓமமோரி, ஜப்பானியக் கோயில்களில் இன்றைக்கும் விற்பவை. அடிபட்டால் தேறுவது தேநீரால். சிறப்புத் தாக்குதலுக்குக் கூப்பிடுவது தாருமா பொம்மைகளை. அந்த உருண்டைப் பொம்மை வேறு யாருமில்லை, போதிதர்மர். தென்னிந்தியாவிலிருந்து சீனா போனவர் என்று பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. காஞ்சிபுரத்து இளவரசர் என்பது நாம் கேட்டு வளர்ந்த மரபு. எவ்வளவு தள்ளினாலும் நிமிர்ந்து உட்காரும் பொம்மை அது. ஆனால் போவில் இவையெல்லாம் கையில் இருக்கும் கருவிகள். கதை அவற்றைத் தொட்டுவிட்டுக் கடந்துவிடுகிறது. ஃபூமாவில் அதுவும் குறைவு. 1987-இல் நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கருவியில் ஜப்பானில் மட்டும் வந்த பழைய கேமின் தொடர்ச்சி என்பதால், அதன் நினைவு வேறெங்கும் போவதைவிடத் தன் பழைய கேமை நோக்கியே அதிகம் போகிறது.

சண்டையில் முரமாசாவின் குறைகளை மறைக்க மாட்டேன். மூன்று வாள் இடுப்பில் இருக்கும். தாக்குதலைத் தடுக்கத் தடுக்க வாளின் வலு இறங்கும். முழுக்க இறங்கினால் வாள் உடையும். உடைந்ததை உறையில் போட்டு அடுத்ததை உருவ வேண்டும். உறைக்குள் இருக்கும்போது பழையது மெல்ல ஆறும். சரியான நொடியில் வாளை மாற்றினால் ஒரே வீச்சு திரை முழுக்கப் பாயும். எதிரிகள் நின்ற இடத்திலேயே ஒரு கணம் உறைந்து, அப்புறம் விழுவார்கள். அந்த ஒரு கணத்துக்காகவே விளையாடலாம். ஆனால் எளிய நிலையில் பட்டனை விடாமல் தட்டினாலே ஜெயித்துவிடலாம். கடினமான நிலையை எடுத்தால்தான் தடுப்பதும் வாள் மாற்றுவதும் பொருள் பெறும். அப்புறம், வந்த வழியே திரும்பி ஓடுவது. யாருமே இல்லாத திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக. எவ்வளவு அழகான வயலாக இருந்தாலும் ஐந்தாம் தடவை அது வெறும் தூரம்தான்.

ஃபூமாவின் சண்டை இதைவிடக் கூர்மை. கத்தி, ஈட்டி, குடை என்று ஆயுதத்துக்கு ஆயுதம் கை மாற வேண்டும். எதிரியின் அடியைச் சரியான நேரத்தில் தட்டிவிடும் பழக்கம் இல்லாவிட்டால் நகர முடியாது. செத்துச் செத்துப் பழகுவதில் சுகம் காண்பவர்களுக்கு அது போதும்.

வாங்குவதில் வருகிறது பெரிய சங்கடம். முரமாசா வீயிலும் விட்டாவிலும் மட்டும்தான் இருக்கிறது. கணினியில் இல்லை, நிண்டெண்டோ ஸ்விட்சில் இல்லை, புதிய பிளேஸ்டேஷனில் இல்லை. இவ்வளவு கை உழைப்பு, உற்பத்தி நின்றுபோன இரண்டு கருவிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம். இரண்டில் விட்டாதான் நல்லது. 960×544 திரையில் ஓவியம் வீயைவிடத் தெளிவு, ஆங்கில மொழிபெயர்ப்பையும் புதிதாகச் செய்தார்கள். விட்டாவுக்கென்று தனியாக விற்ற நான்கு கிளைக்கதைகளும் உண்டு. பூனைப் பேயாகும் ஒகோயின் கதையும், வரிக்கொடுமையில் எழுந்து நிற்கும் விவசாயி கோன்பெயின் கதையும் அவற்றில் சேர்த்தி. முதன்மைக் கதையில் உயர்குலத்தாரும் நிஞ்ஜாவும் வாள் வீசிய அதே வயலில் கோன்பெ விவசாயக் கருவியோடு நிற்பார். அந்த வயலை அதுவரை பின்னணியாகத்தான் பார்த்திருப்போம்.

மற்ற இரண்டும் கணினியிலும் ஸ்விட்சிலும் கிடைக்கும். போ பிளேஸ்டேஷன் 5-லும் எக்ஸ்பாக்ஸிலும்கூட உண்டு.

என் தேர்வு முரமாசா, அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. யாரிடமாவது பழைய விட்டா இருந்தால் கேட்டு வாங்குங்கள், கடினமான நிலையில் மொமோஹிமெயின் கதையிலிருந்து தொடங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் போவை எடுங்கள். பத்து மணி நேரம் ஹாலோ நைட் என்ற கேமில் தாவிப் பழகிய கை இருந்தால் அரை மணியில் அது வசப்பட்டுவிடும். ஃபூமாவை, ரோக்லைக் பிடித்தவர்கள் மட்டும். முரமாசாவில் கடை வந்தால் தாண்டி ஓடிவிடாதீர்கள். உயிர் அளவு நிறைந்திருந்தாலும் பரவாயில்லை, உள்ளே போய் ஒரு கிண்ணம் சோபாவை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.